கழற்றாமல் எடுத்த படம்

அசையக் கூடாதாம். யாரிடம் வந்து சொல்கிறார்கள் பார். சுதந்திர தினத்துக்கு ஒரு மைதானம் நிறையப் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி, கொசு கடித்தாலும் கை எழக் கூடாது என்று விசிலும் கையுமாய் நின்றவள் நான். பி.டி. மிஸ் பூங்கோதை மைதானத்தில் இறங்கினால் காக்காகூடக் கத்தாது என்று பிள்ளைகள் பேசிக்கொள்வார்கள், எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு. இப்போது என்னைப் படுக்கவைத்து, தலைக்கு இரண்டு பக்கமும் பஞ்சுத் திண்டு செருகி, முகத்துக்கு மேலே ஒரு கூண்டை மாட்டி, குழாய்க்குள் தள்ளிவிட்டு, அசையாதீங்க மேடம் என்கிறாள் மெஷினை ஓட்டுகிற பெண். நஸ்ரின் என்று பெயர், அவளே சொன்னாள். "கையில இந்தப் பந்தை வச்சுக்கங்க மேடம். முடியலைன்னா அமுக்குங்க, உடனே வந்துருவேன்." நல்ல பெண்தான். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. என் கோபம் வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறது, ஒன்றில் என் அம்மா, பக்கத்தில் என் புருஷன். இதோ சத்தம் ஆரம்பித்துவிட்டது. காதை மூடியும் மண்டைக்குள் தட்டுகிறது, டக் டக் டக் டக், சிமெண்டு ரோட்டை உடைப்பது மாதிரி. பிறகு ஒரு நீளமான உறுமல். பிறகு மறுபடி டக் டக். இதற்கு நடுவே கழுத்தில் ஓர் இழுப்பு. தொண்டைக்குழிக்குக் கீழே, அம்மா கட்டிவிட்ட மஞ்சள் கயிறு இருக்கிற இடத்தில், இடுப்பில் இருக்கிற குழந்தை பிடித்து இழுப்பது மாதிரி மெதுவாக. இந்த அறைக்குள் நுழையும்போதே இழுத்தது. கட்டில் உள்ளே நகரும்போது இன்னும் இழுத்தது. நான் சொல்லவில்லை. சொல்ல மாட்டேன். என் உடம்பில் நடப்பதை வாயைத் திறந்து சொல்வதை நான் விட்டு ரொம்ப நாளாகிவிட்டது.

சொல்லாமலா இருந்தேன் முதலில்? மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆண்டு விளையாட்டு விழா அன்றைக்கு, நூறு மீட்டர் ஓட்டத்தின் முடிவுக் கோட்டில் நின்றுகொண்டிருக்கிறேன். பங்குனி வெயில். இடது கண்ணில் சிவப்பு ரிப்பன் செங்கல் நிறத்தில் தெரிகிறது. கசக்கிவிட்டுப் பார்க்கிறேன், மண் நிறம். வலது கண்ணை மூடிப் பார்த்தால் ஓடிவருகிற பிள்ளைகளுக்கு முகமே இல்லை, எல்லாருக்கும் பாலாடை படிந்த முகம். யார் முதலில் வந்தது என்று பக்கத்தில் இருந்த கணக்கு டீச்சரைக் கேட்டுத்தான் எழுதினேன். கண்ணை உருட்டினால் உள்ளே பின்பக்கம் வலி. வீட்டுக்கு வந்து சொன்னேன். "சூடுடி," என்றாள் அம்மா. "நாளெல்லாம் வெயில்ல நின்னா கண்ணு என்ன குளிர்ச்சியாவா இருக்கும்? எண்ணெய் தேச்சுக் குளி." குளித்தேன். வெந்நீர் ஊற்ற ஊற்ற இன்னும் மங்கியது, குளியலறை பல்பே தெரியவில்லை. வெளியே வந்து ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தால் கொஞ்சம் திரும்பி வருகிறது. அதையும் சொன்னேன். "வெந்நீர் ஊத்துனா கண்ணு போகுமா? எங்கயாவது கேட்டிருக்கியா மாப்பிள?" என்று இவரைக் கேட்டாள். இவர் சிரித்தார். பெரிய சிரிப்பெல்லாம் இல்லை, மாமியாருக்காகச் சிரிக்கிற சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு நான் அன்றைக்கே ஒரு விசில் அடித்திருக்க வேண்டும். ஒரு கண் டாக்டரம்மாதான் நம்பினாள். விளக்கடித்து, கலர் புள்ளிப் புத்தகம் காட்டி, கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், கண் நரம்பு வீங்கியிருக்கிறது, கண்ணோடு நிற்கிற விஷயமாக இல்லாமலும் இருக்கலாம், மூளையை எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டு அந்தப் படத்தோடு என்னிடம் வாங்க என்று. வந்தோமா? எங்கே வந்தோம்.

டக் டக் டக். நிற்கிறது. மூச்சு விடுகிறது மெஷின். மறுபடியும் தொடங்குகிறது, இந்த முறை தையல் மெஷின் மாதிரி. அன்றைக்கும் இதே மதுரைதான், வேறொரு ஸ்கேன் சென்டர். கவுன்ட்டரில் இருந்த பெண் நகை, கொலுசு, மெட்டி, ஊக்கு, எல்லாம் கழற்றிவிட்டு வாங்க என்றாள். எல்லாவற்றையும் கழற்றினேன். தாலியில் கை வைத்தேன், அம்மா என் கையைப் பிடித்துவிட்டாள். அதற்கு முந்தின மாதம்தான் இவரோடு வேலை பார்த்த வயர்மேன் ஒருவர் கரண்ட் கம்பத்தில் ஏறியவர் ஏறியபடியே கருகிப்போயிருந்தார். அந்த வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போய்விட்டு வந்ததிலிருந்து அம்மாவுக்குத் தூக்கம் இல்லை. "கம்பத்துல ஏறுற மனுசன் பொண்டாட்டி வெறுங்கழுத்தா ஒரு நிமிசம் இருக்கலாமா? வெள்ளிக்கிழமை வேற. நீ படிச்சவ, உனக்கு ஒண்ணும் தெரியாது." அவள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. நான் இவரைப் பார்த்தேன். யாருடைய உயிருக்காக அந்தத் தாலி கழுத்தில் கிடக்கிறதோ அந்த மனுஷன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். கழட்டு கோதை, எனக்கு ஒன்றும் ஆகாது. அவ்வளவுதான். அவர் என்ன செய்தார் தெரியுமா? கவுன்ட்டருக்குப் போனார். ரேஷன் கடையில் பாமாயில் இல்லையென்றால் வேறு என்ன இருக்கிறது என்று கேட்பது மாதிரி, "கழட்டாம எடுக்கிற ஸ்கேன் எதுவும் இருக்காம்மா?" என்று கேட்டார். அந்தப் பெண்ணும் சி.டி. எடுத்தால் கழுத்தில் கிடப்பது தொந்தரவு இல்லை, சீக்கிரமும் முடியும் என்றாள். அதுவும் தலை ஸ்கேன்தானே? தலைதான். அப்ப அதையே எடுங்க. டாக்டர் எழுதிய சீட்டு என் கையில் இருக்கிறது, நான் வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன், ஏனென்றால் பாதிக் கண்ணோடு நிற்கிறவளுக்கு இந்த ஸ்கேனுக்கும் அந்த ஸ்கேனுக்கும் என்ன வித்தியாசம் என்று யார் சொன்னார்கள்? போனேன், படுத்தேன், எழுந்தேன். நார்மல். தலையில் எதுவும் இல்லை. அம்மா அந்தக் கவரை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கண்ணும் ஒன்றரை மாதத்தில் தானாகத் தெளிந்துவிட்டது. கண்ணே தெரியுதே, அப்புறம் அந்த டாக்டரம்மாவிடம் எதற்கு?

அந்த நார்மலோடு மூன்று வருஷம் குடும்பம் நடத்தினேன். பீரோவில் பட்டுப்புடவைக்குக் கீழே படுத்திருந்தது அது. நான் எப்போது வாயைத் திறந்தாலும் எழுந்து வந்துவிடும். கால் மரக்கிறது என்றேன், அதான் ஸ்கேன்ல ஒண்ணுமில்லைன்னுட்டாங்களே. மார்புக்குக் கீழே யாரோ பெல்ட் போட்டு இறுக்குகிறார்கள் என்றேன், அதான் ஸ்கேன்ல ஒண்ணுமில்லையே, கேஸா இருக்கும், பெருங்காயம் போட்டு மோர் குடி. பாத்ரூம் வருகிறது என்று தெரிந்தால் அடுத்த நிமிஷம் தாங்க முடியவில்லை, பஸ்ஸில் வைத்து ஒருமுறை புடவை நனைந்தே போனது. அதைச் சொன்ன அன்றைக்கு அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள், ஸ்கேன் என்றுகூடச் சொல்லவில்லை. தலையைக் குனிந்தால் பிடரியிலிருந்து முதுகு வழியாகக் கால் வரைக்கும் கரண்ட் பாய்கிறது என்று இவரிடம் சொன்னேன். ஷூ லேஸ் கட்டக் குனிந்தால், கோலம் போடக் குனிந்தால், புத்தகம் பார்க்கக் குனிந்தால், சுரீர். "இந்த வீட்ல கரண்டுக்காரன் நான். உனக்கு எங்கேருந்து கரண்ட் வருது?" என்றார். அவருக்கு அது நல்ல ஜோக். தன் அண்ணன் வீட்டிலும் போய்ச் சொன்னார், அவர்களும் சிரித்தார்கள். அவர்கள் வாய்க்குப் போன பிறகு அது என் உடம்பே இல்லை, விருந்தில் பரிமாறுகிற சிரிப்பு. பள்ளிக்கூடத்தில் கோகோ ஆட்டம் சொல்லித்தரும்போது சும்மா நின்ற இடத்தில் விழுந்தேன். எச்.எம். கூப்பிட்டு, "பி.டி. டீச்சரே நடக்க முடியலைன்னா எப்படி மேடம், பசங்க சிரிக்கிறாங்க," என்றார். என்னைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். அதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து, பீரோவைத் திறந்து, அந்தக் கறுப்புப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நானே பார்த்தேன். ஒருவேளை நான்தான் நடிக்கிறேனோ? இதை நினைக்கும்போதுதான் பல்லைக் கடிக்கிறேன். பல்லைக் கடிக்கக் கூடாது, தாடை அசையும். அவர்கள் நம்பாததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், என்னையே என்னை நம்பாதவளாக ஆக்கிவிட்டார்களே. ஒரு காகிதக் கவரை வைத்துக்கொண்டு ஆக்கிவிட்டார்களே.

இந்த இழுப்பு நிற்கவே இல்லை. நடுநெஞ்சுக்கு மேலே கயிறு தானாக எழுந்து நிற்கிற மாதிரி இருக்கிறது. பிரமை. சரி, பிரமையாகவே இருக்கட்டும். போன வாரம் நரம்பு டாக்டரிடம் போனதுகூட விழுந்து முட்டி கிழிந்ததால்தான், ரத்தம் வந்தால் நம்புவார்கள். இளவயது டாக்டர். சின்னச் சுத்தியலால் முழங்காலில் தட்டினார், என் கால் அவரை உதைக்கப் பார்த்தது. உள்ளங்காலில் சாவியால் கோடு இழுத்தார், கட்டைவிரல் மேலே எழுந்தது. அவர் முகம் மாறியது. மூன்று வருஷத்தில் என் உடம்பைப் பார்த்து ஒருவர் முகம் மாறியது அதுதான் இரண்டாவது தடவை. முன்னால் எம்.ஆர்.ஐ. எடுத்ததுண்டா என்று கேட்டார். இவர் முந்திக்கொண்டு, "எடுத்தாச்சு சார், எல்லாம் நார்மல்," என்று கவரை நீட்டினார். டாக்டர் பிரித்துப் பார்த்தார். "இது எம்.ஆர்.ஐ. இல்லைங்க, சி.டி. ரத்தக்கசிவு, எலும்பு முறிவுன்னா இதுல பளிச்சுன்னு தெரியும். நான் தேடுறது இதுல தெரியாது. இதை வச்சு இவங்களுக்கு ஒண்ணுமில்லைன்னு யாருமே சொல்லக் கூடாது." இவர் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பின்பக்கத்தில் வேறு ஏதாவது எழுதியிருக்கும் என்பது மாதிரி. பிறகு டாக்டர் விளக்கினார். மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ் என்று ஒரு வியாதி, எம்.எஸ். என்பார்கள், அதுவோ என்று சந்தேகம். நரம்புக்கு மேலே ஓர் உறை இருக்கிறது, வயருக்கு இன்சுலேஷன் மாதிரி. உடம்பின் காவல் படையே அதை எதிரி என்று நினைத்து அரிக்கிறது. அரித்த இடத்தில் கரண்ட் தடுமாறும், கசியும். "ஓ," என்றார் இவர். "இன்சுலேஷன் போயிட்டா லீக்கேஜ் வரத்தான சார் செய்யும்." புரிந்துவிட்டதாம். மூன்று வருஷம் நான் கரண்ட் என்று கத்தியது புரியவில்லை, ஒரு டாக்டர் வயர் என்று சொன்னதும் புரிந்துவிட்டது. அந்த மேஜையில் இருந்த சுத்தியலை எடுத்து இவர் மண்டையில் ஒன்று போடலாம் என்று வந்தது எனக்கு. போட்டிருக்கலாம், சின்னச் சுத்தியல்தான்.

ஆனால் அந்த டாக்டர் இன்னொன்றும் சொன்னார். அதைத்தான் ஒரு வாரமாக மென்றுகொண்டிருக்கிறேன். ஒரு தடவை, ஓர் இடத்தில் அரித்தால் மட்டும் இந்தப் பெயரை வைத்துவிட முடியாது. வேறு வேறு இடத்தில், வேறு வேறு காலத்தில் அரித்திருக்க வேண்டும். மூளையிலும் கழுத்துத் தண்டுவடத்திலும் எங்கெங்கே என்று எம்.ஆர்.ஐ. காட்டும். நடுவில் கையில் ஒரு மருந்து ஏற்றி மறுபடி எடுப்பார்கள். இப்போது எரிகிற புண் அந்த மருந்தைக் குடித்து மினுங்கும், பழைய தழும்பு மினுங்காது. ஒரே படத்தில் இன்றைக்கு வந்ததும் என்றைக்கோ வந்ததும் தனித்தனியாகத் தெரியும் என்றார். அதாவது அது சாட்சி சொல்லும். விளையாட்டு விழா அன்றைக்கு என் கண்ணுக்கு வந்தது வெறும் சூடு இல்லை, பஸ்ஸில் நான் கேவலப்பட்டது என் கொழுப்பால் இல்லை என்று சொல்லும். அன்றிலிருந்து நான் என்ன வேண்டிக்கொள்கிறேன் தெரியுமா? எல்லாரும் இந்தக் குழாய்க்குள் படுத்துக்கொண்டு ஒன்றும் இருக்கக் கூடாது சாமி என்று வேண்டுவார்கள். நான் இருக்கட்டும் என்று வேண்டுகிறேன். புள்ளி இருக்கட்டும், பழசும் இருக்கட்டும், புதுசும் இருக்கட்டும், வானத்து நட்சத்திரம் மாதிரி நிறைந்து கிடக்கட்டும், அம்மா மூக்குக்குக் கீழே நீட்டுவேன் பார் என்று. எப்பேர்ப்பட்ட வேண்டுதல். தன் மூளை ஓட்டையாக இருக்கட்டும் என்று ஒருத்தி வேண்டிக்கொள்கிற நிலைமைக்கு அவளைக் கொண்டுவந்து நிறுத்தியவர்கள் வெளியே உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள். ஒன்றுமே இல்லை என்று வந்துவிட்டால்? இன்னொரு நார்மல் வந்தால்? ஐயோ, அந்தப் பயம்தான் கால் விளங்காமல் போவதைவிடப் பெரிதாக இருக்கிறது. எரிகிறது எனக்கு. உள்ளே படுத்துக்கொண்டு எரிந்துகொண்டிருக்கிறேன், அசையாமல்.

சத்தம் பாதியில் நின்றது. ஹெட்போனில் நஸ்ரின் குரல். "மேடம், மூளைப் படம் நல்லா வந்துருச்சு. கழுத்து எடுக்கிறேன், ஆனா தொண்டைகிட்ட கறுப்பா ஒரு பெரிய குழி விழுது. ஏதாச்சும் மெட்டல் இருக்கா?" இல்லை என்றேன். கட்டில் வெளியே நகர்ந்தது. கூண்டைத் தூக்கினாள். குனிந்து என் சட்டைக் கழுத்தை விலக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். மஞ்சள் கயிறு படுத்திருக்கவில்லை. அதில் கோத்திருந்த விரலி மஞ்சள் குழாயின் வாயைப் பார்த்து, கயிறு விறைக்க விறைக்கத் தலையைத் தூக்கிக்கொண்டு நின்றது. முதலில் நஸ்ரின் என்னைச் சோதித்தபோது, தாலியைக் கழற்றி இவரிடம் கொடுத்துவிட்டு, வெறுங்கழுத்தாகத்தான் நின்றேன். பிறகு அவசரமாக பாத்ரூமுக்கு ஓடினேன், அங்கே வந்துதான் அம்மா கட்டினாள், "தங்கம்தானே ஆகாது, இது மஞ்சள்தானே." கதவருகில் நஸ்ரினும் பார்த்துவிட்டு, கயிறுன்னா பரவால்ல என்று விட்டாள். இப்போது அதைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். மஞ்சளின் அடியில் ஒரு கறுப்புப் புள்ளி. உடைந்த ஊசி ஒன்றை முழுதாக உள்ளே இறக்கி வைத்திருக்கிறாள் அம்மா. எனக்கு உடனே புரிந்தது. பிள்ளை பெற்றவள் தலைமாட்டில் அரிவாள் வைப்பாள், சுடுகாட்டுப் பக்கம் போகிறவன் இடுப்பில் ஆணி செருகுவாள். தாலி இல்லாத கழுத்துக்குக் காத்துக் கருப்பு அண்டாமல் இருக்க இரும்பு. காந்தத்துக்குள் போகிறவளுக்கு இரும்பு! "யா அல்லா," என்றாள் அந்தப் பெண். வெளிறிவிட்டாள். "இது பிச்சுக்கிட்டுப் பறந்து கண்ணுல குத்தியிருந்தா என்ன மேடம் ஆகுறது? உங்களுக்கு இழுக்கலையா?" இழுத்தது என்றேன். "வந்ததிலேருந்தா?" வந்ததிலிருந்து. "அப்ப ஏன் மேடம் சொல்லல? பந்து கையிலதானே இருக்கு?" ரப்பர் பந்தைப் பார்த்தேன். பிசைந்து பிசைந்து ஈரமாயிருந்தது, ஒருதடவைகூட அமுக்கவில்லை. "சொன்னா பிரமைன்னு சொல்வீங்கன்னு நெனச்சேன்," என்றேன். அவள் அவிழ்க்கக் கை கொண்டுவந்தாள், அம்மாவின் முடிச்சு அவிழவில்லை. நான் அவள் கையை விலக்கிவிட்டு, கயிற்றை முஷ்டியில் சுற்றி, ஒரே இழுப்பு. பின்கழுத்தை அறுத்துக்கொண்டு வந்தது. எரிந்தது, நன்றாக இருந்தது. "குப்பைல போடுங்க." அவள் போடவில்லை, காகிதத்தில் மடித்து அறைக்கு வெளியே கொண்டுபோய் வைத்தாள்.

கையில் ஊசி ஏறியது. குளிர்ச்சியாக ஒன்று முழங்கை வழியாகத் தோளுக்கு ஓடியது, நாக்கில் லேசாகக் காசு நக்கிய ருசி. மறுபடி குழாய். வெறுங்கழுத்து. ஒன்றும் இழுக்கவில்லை. இழுக்காமல் இருப்பது இப்படியா இருக்கும்? கோகோ சொல்லித்தரும்போது பிள்ளைகளிடம் சொல்வேன், வரிசையில் உட்கார்ந்திருக்கிற உனக்குப் பின்னால் வருகிறவளைப் பார்க்க முடியாது, முதுகில் தட்டிக் கோ என்பாள், எழுந்து ஓட வேண்டும், எப்போது தட்டுவாள் என்று திரும்பிப் பார்க்கக் கூடாது. என் உள்ளே அது வரிசையில் நடந்து வருகிறது. கண்ணைத் தட்டியது, காலைத் தட்டியது, அடுத்து யாரை? கையையா? விசில் ஊதுகிற வாயையா? மருந்து இருக்கிறது என்றார் டாக்டர். அரித்ததைத் திருப்பித் தராது, ஆனால் வருகிற வேகத்தைக் குறைக்கும், எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. எவ்வளவு சீக்கிரம். அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு அவர் பேனாவைப் பார்த்துக்கொண்டார். மூன்று வருஷத்தை யாரிடம் போய்க் கேட்பேன்? தாலிக்காகப் பயந்த அம்மாவிடமா? பயந்தவளைப் பார்த்து எப்படிக் கோபப்படுவது என்று ஊரே எனக்குச் சொல்லும். பயந்தால் என்ன வேண்டுமானாலும் செய்யலாமா? எனக்குப் பயமே இல்லையா? நான் அழுதால் கூண்டுக்குள் கண்ணீர் காதுக்குள்தான் போகும், துடைக்கக்கூட முடியாது. போகட்டும். டக் டக் டக் டக். எடு. நன்றாக எடு. ஒரு புள்ளி விடாமல் எடு.

வெளியே வந்தபோது இடது கால் என்னுடையது மாதிரி இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளிருந்து, படம் பார்க்கிற டாக்டர் ஒருவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்தார். "பூங்கோதை யாரு? பழைய எம்.ஆர்.ஐ. இருந்தாக் குடுங்க, ஒப்பிட்டுப் பார்க்கணும்." எதற்கு டாக்டர் என்றேன். அவர் தயங்கினார். "ரிப்போர்ட் உங்க டாக்டர் விளக்குவார். ரெண்டு இடம் இப்ப மினுங்குது. அதில்லாம பழைய தழும்புகளும் நிறைய இருக்கு. எப்பலேருந்துன்னு தெரிஞ்சா நல்லா இருக்கும்." இருந்தது. பழசும் இருந்தது, புதுசும் இருந்தது, கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. "அவரைக் கேளுங்க," என்று இவரைக் காட்டினேன். இவர் எழுந்து நின்றார். சட்டைப் பையில் கைக்குட்டையில் சுற்றி என் தாலி இருந்தது, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு, "எடுக்கலை சார்," என்றார். "மூணு வருசம் முன்னாடியே எழுதிக் குடுத்தாங்க. நாந்தான் கழட்டாம எடுக்கிற ஸ்கேன் கேட்டு..." டாக்டர் இவரையும் என்னையும் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் நடிக்கவில்லை. இதைக் கேட்டதும் உள்ளே குளிர்ந்துவிடும் என்று நினைத்திருந்தேன். குளிரவே இல்லை. அம்மாவுக்கு அவர் சொன்னதில் எவ்வளவு புரிந்ததோ, அவள் கண் என் கழுத்தில் இருந்தது, கயிறு அறுத்த சிவப்புக் கோட்டில். "கயிறு எங்கடி?" என்றாள். அறுத்துட்டேன் என்றேன். வாயைப் பொத்திக்கொண்டாள், அன்றைக்கு என் கையைப் பிடித்துத் தடுத்த அதே கையால். "மாப்பிள, முதல்ல அதைப் போட்டு விடுங்க, போட்டு விடுங்க," என்று அவசரப்பட்டாள். இவர் கைக்குட்டையைப் பிரித்தார். நான் இவரைவிட ஒரு சாணுக்கு மேல் உயரம், கல்யாணத்தன்றும் என்னைக் குனியச் சொல்லித்தான் கட்டினார். "தலையைக் குனிம்மா," என்றாள் அம்மா. நான் விறைத்து நின்றேன், அட்டென்ஷனில் நிற்கிற மாதிரி. "குனிய மாட்டேன்," என்றேன். ஹாலில் காத்திருந்தவர்கள் திரும்பினார்கள், திரும்பட்டும். "குனிஞ்சா கரண்ட் பாயும். மூணு வருசமாச் சொல்றேன்." யாரும் சிரிக்கவில்லை. இவர் தாலிச் சங்கிலியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நுனிக்காலில் எக்கினார். எட்டவில்லை. நான் குனியவில்லை.